நாக்கில்லாத மணி

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வேதக்கோயிலில் மணி அடிக்கவில்லை. காரணம் மீ வரவில்லை. கரண்டுக்கு இங்கே ரங்கூனில் நாங்கள் சொல்லும் பர்மியப் பெயர் அது. இப்போதெல்லாம் மணியோசை ஒலிபெருக்கியில்தான் வருகிறது; எந்த நாட்டு மணியோ, யார் பதிவு செய்ததோ. மீ இருந்தால் ஆராதனைக்கு ஆள் கூப்பிடும், இல்லாவிட்டால் சும்மா இருக்கும். மணியை நம்பி வீட்டில் உட்கார்ந்திருந்த நான், பாதி ஆராதனை முடிந்தபிறகு வேர்க்க விறுவிறுக்கப் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். இந்த வயதில் எல்லா இடத்துக்கும் பாதியில்தான் போய்ச் சேருகிறேன்.

முடிந்ததும் யாரோ மெழுகுவர்த்தியை ஊதி அணைத்தார்கள். அந்தப் புகை மூக்கில் ஏறியது, நினைப்பில் ஊ தெய்னின் பட்டறைக்குப் போய்விட்டேன். மிங்கலாடோனுக்கும் அப்பால், பஸ் கடைசியாக நிற்கிற இடத்திலிருந்து நடக்க வேண்டும். பகோடாக்களுக்கு மணி வார்ப்பவர் அவர். களிமண் கருவின்மேல் தேன்மெழுகைப் பூசி, அதன்மேல் மறுபடியும் களிமண் அப்பிச் சுடுவார். மெழுகு உருகி ஓடிவிடும். அது இருந்த இடத்தில் வெண்கலம் போய் உட்காரும். நான் அப்போது பள்ளிக்கூட வாத்தியார். சபையில் பர்மிய எழுத்து நன்றாக எழுதுகிறவன் என்று பெயர் வாங்கியிருந்ததால், கமிட்டி என்னைத்தான் அவரிடம் அனுப்பியது.

எங்கள் பழைய மணி சீமையிலிருந்து கப்பலில் வந்தது. விளிம்பில் வார்த்தவர் பெயர் பெரிதாக இருக்கும், கொடுத்தவர் பெயரைக் காணோம். சபையில் யாராவது இறந்தால் கோயில் வேலைகளைப் பார்க்கும் கோயில்பிள்ளை வயதுக்கு ஒன்றாக அதை அடிப்பார். அடுப்படியில் இருக்கும் பெண்கள் அகப்பையை அப்படியே பிடித்துக்கொண்டு எண்ணுவார்கள். எண்ணி முடித்ததும் யாரென்று தெரிந்துவிடும். அந்த மணி விரிசல் விட்டுப் பானை உடைந்த மாதிரி சத்தம் போட ஆரம்பித்தது. துண்டு துண்டாக உடைத்துச் சாக்கில் கட்டி, உருக்கிப் புதிதாக வார்க்க ஊ தெய்னிடம் சேர்த்தோம். மறுவாரம் என் அப்பா இறந்துபோனார்.

அப்பா போட்டாதாங் துறைமுகத்தில் சரக்கு சரிபார்க்கும் குமாஸ்தா. ஐம்பத்திரண்டு வயது. அவருக்கு மணி இல்லை. அம்மா ஒரு வாரம் அழவில்லை. பிறகு ஒருநாள், "ஒங்கப்பா சத்தமில்லாமப் போயிட்டாருடா" என்று சொல்லி அழுதாள்.

வெண்கலம் ஊற்றும் நாளில் அம்மாவும் வந்தாள். பர்மாக்காரர்கள் மணி வார்க்கும்போது நகையைக் கழற்றி உருகும் உலோகத்தில் போடுவார்கள், புண்ணியம் என்று. "போடறவங்க போடலாம்" என்றார் ஊ தெய்ன். அம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்து அப்பாவின் மோதிரத்தை எடுத்துக் கொப்பரையில் போட்டாள். நான் தடுக்கவில்லை. தடுத்தால் கேட்கிற முகமாகவும் அது இல்லை.

சபையார் கூடிச் சாப்பிடும் அசன விருந்துக்கு முதல்நாள் மணி லாரியில் வந்து இறங்கியது. தகதகவென்று மின்னியது. கொடுத்தவர்கள் பெயரெல்லாம் சுற்றிலும் இருந்தது, வார்த்தவர் பெயர் இல்லை. கோயில்பிள்ளை குனிந்து உள்ளே பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"வாத்தியாரே, நாக்கு எங்க? நாக்கு மாட்ற கொக்கியக்கூடக் காணோமே?"

கூடவே வந்திருந்த ஊ தெய்னிடம் கேட்டேன். அவர் சிரித்தே விட்டார். "மணிக்கு எதுக்கு நாக்கு? வெளியேருந்துதானே தட்டுவாங்க?" என்றார் பர்மியத்தில். பகோடா மணிக்கு நாக்கு கிடையாது. மரக்கட்டையால் வெளியே தட்டுவதுதான் அவர்கள் வழக்கம். உயரம், அகலம், எழுத்து என்று இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்த மேதாவி நான், நாக்கை எழுதவில்லை. நம் மணிக்கு நாக்கு இருக்கும் என்பதை யாராவது தனியாகச் சொல்வார்களா?

கமிட்டி கூடிப் பேசியது. இது கோயில் மணியே இல்லை, திருப்பி அனுப்பு, வேறு யாருக்காவது உருக்கி ஊற்றிக்கொள்ளட்டும் என்றார்கள். நான் எழுத மறந்ததற்கு அப்பாவின் மோதிரம் போகப்போகிறது.

விருந்துக்கு மசாலா இடித்துக்கொண்டிருந்த அம்மா, உலக்கையோடு எழுந்து வந்தாள். லாரிக்காரர்கள் மணியை இன்னும் சங்கிலியில் தொங்கவிட்டுத்தான் வைத்திருந்தார்கள். யாரிடமும் கேட்காமல் ஓங்கி ஒன்று வைத்தாள். அப்படி ஒரு நாதத்தை அந்தத் தெரு கேட்டதில்லை. அது அடங்கும்வரை நின்று, இரண்டாவது. மூன்றாவது. "ஏம்மா, நிறுத்துங்கம்மா" என்றார் ஒரு கமிட்டிக்காரர். அவள் நிறுத்தவில்லை. இருபதைத் தாண்டியபோது பெண்கள் எண்ண ஆரம்பித்துவிட்டார்கள். ஐம்பத்திரண்டில் உலக்கையைக் கீழே வைத்தாள். எதிர்வீட்டு ஜன்னலில் டோ கின் என்ற பர்மியக் கிழவி கைகூப்பி, "தாடு, தாடு, தாடு" என்றாள். ஒருவர் செய்த நன்மையை மணியோசையில் கேட்டால், நன்று நன்று என்று வாழ்த்துவது அவர்கள் பழக்கம்.

அதற்குமேல் திருப்பி அனுப்பும் பேச்சை யாரும் எடுக்கவில்லை. முற்றத்தில் இரண்டு தேக்குக் கால் நட்டுத் தொங்கவிட்டோம். ரங்கூனில் உலக்கையால் மணி அடித்த ஒரே வேதக்கோயில் எங்களுடையதாகத்தான் இருக்கும். எவ்வளவோ காலம் அது அடித்தது, டோ கின் ஜன்னலிலிருந்து தாடு சொன்னாள்.

தேக்கையும் கரையான் விடாது என்பது பிறகுதான் தெரிந்தது. கால் சாய்ந்ததும் மணியை இறக்கிக் முற்றத்து ஓரத்திலுள்ள சாமான் அறையில் கவிழ்த்து வைத்தார்கள். புதுக் கால் நடலாம், பார்க்கலாம் என்றார்கள். பார்க்க வேண்டியவர்களில் பாதிப்பேர் இப்போது ஊரில் இல்லை. போன மழைக்காலத்தில் அம்மா போய்விட்டாள், எழுபத்தொன்பது வயதில். ஒலிபெருக்கிக்கு வயது எண்ணத் தெரியாது. அன்றைக்கு மீயும் இல்லை.

அடக்கம் முடிந்த சாயங்காலம் சாவி வாங்கிச் சாமான் அறைக்குப் போனேன். உலக்கை மூலையில் இருந்தது. தரையில் கவிழ்ந்து கிடக்கும் மணி ஒலிக்காது என்று தெரியும். அடித்தேன். டொக்கென்றது. நாற்பதில் கை ஓய்ந்தது. பழைய பாய்க்கட்டின்மேல் உட்கார்ந்து மீதியை அடித்தேன். எழுபத்தொன்பது முடிந்ததும் ஜன்னல் வழியாக எதிர்வீட்டைப் பார்த்தேன். டோ கின் போய் எத்தனையோ வருடமாகிறது. அங்கே பூட்டு தொங்கியது.