மீன் தொட்டி ஒழுகியதும் பக்கத்து வீட்டுக் கிணறும்

பக்கத்து வீட்டுக் கிணற்றைப் பலகை அடித்து மூடியதற்கு நான் காரணமா, இல்லையா என்று இன்றுவரை எனக்குத் தெளிவில்லை. காரணம் என்றுதான் நினைக்கிறேன். சில நாட்களில் இல்லை என்றும் தோன்றுகிறது.

எழுபதுகளின் கடைசியில் என் மனைவி வேலூரில் நர்ஸ். நான் ஆம்பூரில் வேதியியல் ஆசிரியர். அவளுக்கு வேண்டிய டாக்டரம்மா ஒருவர் ஓய்வுபெற்றுப் போகும்போது தன் பழைய மீன் தொட்டியை அவளுக்குக் கொடுத்தார். இரும்புச் சட்டம், நான்கு பக்கமும் கண்ணாடி, கண்ணாடியைச் சட்டத்தில் பிடித்து நிறுத்த மக்குப் பூச்சு. அவள் ஆம்பூருக்கே வந்துவிட்டபோது தொட்டி லாரியில் காலியாக வந்தது. மீன்கள் ஏழும் ஒரு குடத்தில் வந்தன. தண்ணீர் ஊற்றியதும் ஒரு மூலை ஒழுகியது.

"அப்படியே விடுங்க. முழுக்க ஊத்தி நாலு நாள் வெச்சா, கண்ணாடி மக்கு மேல அழுந்தி ஒழுகறது தானா நிக்கும்னு டாக்டரம்மா சொன்னாங்க."

"தானா நிக்கிறதுக்கு அது இன்னா அழுற கொழந்தையா?" என்றேன்.

பக்கத்து வீட்டுக்காரர் ஷூ கம்பெனியில் அடிப்பாகம் ஒட்டும் பிரிவில் மேஸ்திரி. ஒரு டப்பா சொல்யூஷன் கொண்டுவந்தார். "இதுல ஒட்டுன ஷூவே மழைல ஒழுகாது சார். உங்க தொட்டி எம்மாத்திரம்?"

தொட்டியைக் காலி செய்து உள்மூலைகளில் பூசினோம். காய்ந்ததும் இருவரும் தலையை உள்ளே விட்டு முகர்ந்தோம். வாசனையே இல்லை. நாளெல்லாம் அந்தப் பசையோடு இருப்பவர் அவர். தோல் கம்பெனிக்குப் பின்தெருவில் பல வருடம் குடியிருந்தவன் நான். அந்த மூக்குகளை நம்பினோம். வந்து பத்து நாள்கூட ஆகாத மனைவி, "தலைய வலிக்குதுங்க, அவ்ளோ நாத்தம்" என்றாள்.

"உனக்கு ஊரே நாறுது."

அவள் பக்கத்து வீட்டுக் கிணற்றில் இறைத்து வந்து நிரப்பினாள். ஒழுகவில்லை. குடத்திலிருந்த மீன்களை அதில் விட்டாள். மறுநாள் மதியம் மீன்கள் ஏழும் மிதந்தன.

"எதனால?" என்று மட்டும் கேட்டாள்.

"தண்ணிதான். உப்பு ஜாஸ்தி. தோல் கம்பெனிக் கழிவு எறங்கியிருக்கும்."

அது பொய்யா? அந்த வருடங்களில் எங்கள் பக்கத்துக் கிணறுகள் ஒவ்வொன்றாகக் கெட்டு வந்தது உண்மை. சொல்லும்போது நான் அதை நம்பினேனா, நம்ப விரும்பினேனா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

அவள் மேஸ்திரியின் மனைவியிடம் சொல்லிவிட்டாள். மறுநாள் காலையில் மேஸ்திரி ஒரு பாட்டில் தண்ணீரோடு வாசலில் நின்றார். "புள்ளைங்க குடிக்கிற தண்ணி சார். உங்க லேப்ல பாத்து சொல்லுங்க. நீங்க சொன்னா சரி."

பள்ளிக்கு எடுத்துப் போனேன். உப்பைச் சோதிக்கச் சில்வர் நைட்ரேட் இருந்தது. சில நிமிட வேலை. தண்ணீர் நல்லதென்று தெரிந்தால், மீன்களைக் கொன்றது நான் பூசிய பசை என்றாகிவிடும். பாட்டிலை வாஷ்பேசினில் கவிழ்த்தேன். சாயங்காலம் அவரிடம், "உப்புதான்" என்றேன்.

அந்த வாரமே பலகை அடித்துவிட்டார்கள். அதன்பின் நான் பள்ளிக்குப் போகும்போதெல்லாம் அவர் மனைவி தெருக்கோடிக் குழாயடியில் இரண்டு குடங்களோடு வரிசையில் நிற்பார். ஒருநாள் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார். "நீங்க சொல்லலைன்னா எங்க புள்ளைங்க கதி இன்னா ஆயிருக்கும் சார்?"

அவர் சொன்னது உண்மையாகவும் இருக்கலாம். நான் தலையை ஆட்டிவிட்டு நடந்தேன்.