குஞ்சுகள் வாய் வைக்காத தண்ணீர்

அறுபத்தெட்டாம் வருஷம், வேலம்பாளையத்தில் ஆயம்மாள் அடைக்கோழிக்கு அடியில் பத்து வாத்து முட்டைகளை வைத்தாள். மடத்துக்குளத்திலிருந்து அவள் அண்ணன் சுப்பண்ணன் தவிட்டுக்குள் புதைத்துக் கொண்டுவந்து கொடுத்தவை. இருபத்தொரு நாளில் ஒன்றும் பொரியவில்லை. கூமுட்டை என்று அக்கம்பக்கத்தில் சிரித்தார்கள். இருபத்தெட்டாம் நாள் எட்டுக் குஞ்சுகள் வெளியே வந்தன.

கல்யாணமாகி ஆறு வருஷம். பிள்ளை இல்லை. பனியன் கம்பெனியில் துணி மடிக்கும் வேலையை விட்டு நின்றிருந்தாள். குஞ்சுகள்தான் பகலெல்லாம். ஊறவைத்த குருணையோடு அவித்த மஞ்சள் கருவை உதிர்த்துப் போடுவாள். கீரையைப் பொடியாக அரிந்து தூவுவாள். தட்டில் கூழாங்கல் பரப்பித்தான் தண்ணீர் ஊற்றுவாள். அலகு மட்டும் நனைய வேண்டும், உடம்பு நனைந்தால் குளிரில் விறைத்துவிடும்.

மூன்று வாரம் போனதும் புருஷன் அங்கமுத்து சொன்னான்: "பள்ளத்துல உடு புள்ள. வாத்துன்னா தண்ணி வேணுமல்ல?"

வீட்டுக்குப் பின்னால் ஓடிய சின்ன ஓடைதான் பள்ளம். அதன் மேற்கரையில் இருந்த, பனியன் துணி வெளுக்கும் சலவைப்பட்டறையில்தான் அவனுக்கு வேலை. வெளுப்பு மருந்து கரைத்த தொட்டியில் இறங்கித் துணியை மிதிப்பான்.

குஞ்சுகள் சந்தோஷமாக நீந்தின. தாய்க்கோழி கரையில் நின்று கத்திக்கொண்டே இருந்தது. மறுநாள் காலை இரண்டு, கழுத்துத் துவண்டு கிடந்தன. குருணை புளித்துவிட்டதென்று நினைத்து, வேறு ஊறவைத்தாள். அதற்கடுத்த நாள் மூன்று.

அன்றைக்குத்தான் பள்ளத்தைப் பார்த்தாள். கரைப்புல் வெளுத்திருந்தது. ஒரு தவளை கூட இல்லை. காரமான நெடி, அங்கமுத்துவின் வேட்டியில் தினமும் வரும் அதே நெடி.

மிஞ்சிய மூன்றையும் பட்டியில் அடைத்துக் கிணற்றுத் தண்ணீர் வைத்தாள். அவை தேறி, இறகு முளைத்து வளர்ந்தன. ஐப்பசியில் ஒரு நாள், புதிதாக இறைத்த தண்ணீரில் மூன்றும் அலகை வைத்து, தலையை உதறிவிட்டுப் பின்னால் போய் நின்றன. ஆயம்மாள் ஒரு வாய் குடித்துப் பார்த்தாள். நாக்கின் அடியில் லேசாகக் கசந்தது. அடுப்பில் அந்தத் தண்ணீரில்தான் உலை கொதித்துக்கொண்டிருந்தது. இறக்கிக் கொட்டினாள்.

"ஏனுங்க, பட்டறைத் தண்ணி கெணத்துக்குள்ள எறங்குதுங்க."

அங்கமுத்து வெடித்திருந்த பாதத்துக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தான். "வெளிய சொல்லாத புள்ள. மொதலாளி காதுல உழுந்தா வேல போயிரும்."

சொல்லாமல் இருக்க அவளால் முடியவில்லை. கிணற்றடியில் எல்லாரிடமும் சொன்னாள். வாத்து குடிக்கவில்லை என்பதற்காகக் கிணற்றைக் குறை சொல்கிறாள் என்று பேசிக்கொண்டார்கள். அவள் வாத்துகளை அண்ணன் வீட்டுக்கே அனுப்பிவிட்டு, ஒன்றரை மைல் தள்ளியிருந்த தோட்டத்துக் கிணற்றிலிருந்து குடம் சுமக்க ஆரம்பித்தாள். அங்கமுத்து மட்டும் பட்டறைத் தொட்டிக்கே போய்வந்தான். மார்கழியில் அவனுக்கு இருமல் பிடித்தது.

தை பிறந்து நாலாம் நாள் பக்கத்து வீட்டு மயிலாத்தாள் வந்து வாசலில் நின்றாள்.

"ஆயம்மா, நம்ம கெணத்துத் தண்ணியில பருப்பு வேக மாட்டேங்குது. காலையிலிருந்து எரிக்கிறேன்."