எதிர்வீட்டுக்காரியின் பச்சைக் குடம்

நோய் வந்தவளிடம் உனக்கு ஏன் சர்க்கரை வந்தது, ஏன் மூட்டு வலி வந்தது என்று கேட்க ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். இந்த வயதிலும் நீ எப்படிக் கல்லு மாதிரி இருக்கிறாய் என்று என்னை இதுவரை ஒருத்தரும் கேட்டதில்லை. காத்திருந்து பார்த்துவிட்டு, நானே எழுத்துக் கூட்டி எழுத உட்கார்ந்துவிட்டேன்.

எனக்கு ஒரு எதிர்வீட்டுக்காரி உண்டு. அதுதான் விஷயம்.

அண்ணனூரில் எங்கள் தெருவுக்குக் குடிதண்ணீர் லாரியில்தான் வரும். லாரி வரும் முன்பே அவரவர் குடத்தை வரிசையில் வைத்துவிட்டு வேலையைப் பார்க்கப் போவோம். குடம் நின்றால் ஆள் நின்ற மாதிரி. அடுத்தவள் குடத்தைத் தொடுவதும் அடுத்தவள் தலைமுடியைப் பிடிப்பதும் ஒன்றுதான். நாங்கள் இரண்டு பேரும் இங்கே மருமகள்களாக வந்த நாளிலிருந்து தண்ணீருக்குச் சண்டை போடுகிறோம். சேர்ந்துதான் நாற்று நட்டோம். வயலெல்லாம் வீடான பிறகு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரே பட்டறையில் வேலை பார்த்தோம். காலையில் திட்டிக்கொண்ட வாயோடு ஒரே ரயிலில் ஏறுவோம்.

போன வருஷம் அவளுக்கு நெஞ்சு வலி வந்தது. ஆஸ்பத்திரியில் அடைப்பைச் சரிசெய்து அனுப்பினார்கள். அவள் மகன் என்னிடம் வந்தான்.

“பெரிம்மா, அம்மாகூட சண்ட கிண்ட வச்சுக்காத. டென்சன் ஆவக் கூடாதுன்றாரு டாக்டரு.”

“நானாடா வச்சுக்கிறேன்? உங்கம்மா வாய இன்னா பண்ணப் போற?”

“அத்த நான் பாத்துக்கிறேன். நீ சும்மா இரு, போதும்.”

பெரிய பொறுப்பைக் கொடுத்துவிட்டானே என்று எனக்குப் பெருமை. அவள் குடத்தை என் குடத்துக்கு முன்னால் வைத்தேன். தளும்பத் தளும்ப நிரப்பி அவள் வாசலில் இறக்கினேன். அவளைப் பார்க்கும்போதெல்லாம் சிரித்தேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

எல்லாம் நன்றாக இருக்கிறது, தினமும் தெருக்கோடிவரை நடக்கட்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவளோ வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான். தலை சீவுவதில்லை. தட்டில் போட்ட சோறு அப்படியே திரும்பிப் போயிற்று. மருமகள் கெஞ்சினாள், பேத்தி கையைப் பிடித்து இழுத்தாள், ஒன்றும் நடக்கவில்லை. இப்படியே படுத்துவிடுவாளோ என்று எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. நோயை டாக்டர் விரட்டிவிட்டார், சரி. காலையில் எழுந்து கொண்டையை முடிந்துகொண்டு வெளியே வர மனுஷிக்கு ஒரு வேலை வேண்டாமா?

ஒருநாள் அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவளுடைய பச்சைக் குடத்தைத் தூக்கி வரிசையின் கடைசியில் வைத்தேன்.

“ஏய்! யார் கொடத்து மேலடி கை வெக்கிற?”

“ஆளு வராத கொடத்துக்கு முன்னால இன்னா எடம்?”

“நான் இன்னா செத்தா பூட்டேன்? இத்தோ கீறேன்ல!”

“குந்திகினு கீற. லாரிக்காரனுக்கு அது தெரியுமா?”

நாற்காலி பின்னால் சாய்ந்தது. செருப்புகூடப் போடாமல் தெருவில் இறங்கி வந்தாள். மகன் பின்னாலேயே ஓடி வந்தான்.

“பெரிம்மா, உன்கிட்ட இன்னா சொன்னேன்?”

“நீ ஊட்டுக்குள்ள போ, நைனா,” என்றாள் அவள். “இவ தெனமும் என் மூஞ்சியப் பாத்து இளிச்சிகினு தண்ணி ரொப்பிக் குடுத்தா. நான் சாவப் போறேன்னு டாக்டரு உங்க எல்லார்கிட்டயும் சொல்லிட்டாரு, என்கிட்ட மட்டும் மறைக்கிறீங்கன்னு நெனச்சிகினேன்.”

நான் அவள் மகன் பக்கம் திரும்பினேன். அந்த நேரம் பார்த்து அவள் தன் குடத்தை என் குடத்துக்கு முன்னால் கொண்டுபோய் வைத்துவிட்டாள். மத்தியானம் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாளாம்.

இப்போது தினமும் தெருக்கோடிவரை போய், லாரி வருகிறதா என்று பார்த்துவிட்டு வருகிறாள். மருமகள் அதைத்தான் டாக்டரிடம் வாக்கிங் என்று சொல்லியிருக்கிறாள். நேற்று லாரி தெருவுக்குள் திரும்புவதைப் பார்த்தும் எனக்கு ஒரு குரல் கொடுக்கவில்லை. வரட்டும், கேட்டுக்கொள்கிறேன்.