டோரீன் தட்டிக் காட்டிய சத்தம்

தலவாக்கலை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் கராஜ் வைத்திருக்கும் இராயப்பனுக்குக் காது மந்தமாகிக்கொண்டே வந்தது. யாரிடமும் சொல்லவில்லை. எஞ்சின் சத்தம் கேட்காத மெக்கானிக்கை நம்பி யார் வண்டியை விடுவார்கள்?

அந்த நேரம் பார்த்து கணேசமூர்த்தி தன் பாட்டன் காலத்துக் காரைக் கொண்டுவந்தார். மலைக்கு மோட்டார் கார் வரத் தொடங்கிய காலத்து வண்டி. கொட்டகையில் கோழி முட்டையிடும் இடமாகக் கிடந்தது. இராயப்பன் காரிலிருந்து எஞ்சினை இறக்கிப் பிரித்து, பேரிங் மாற்றி, இரும்பு ஸ்டாண்டில் ஏற்றினார். ஓட்டிப் பார்க்கும் அன்று அவர் மனைவி டோரீன் சோறு கொண்டுவந்திருந்தாள். தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்பவள்.

எஞ்சின் பிடித்தது. இராயப்பன் முகமெல்லாம் சிரிப்பு.

"என்னமோ தட்டுதே, அண்ணே?" என்றார் கணேசமூர்த்தி.

இராயப்பன் சிரித்தபடியே தலையாட்டினார். டோரீன் அதைக் கவனித்தாள். கணேசமூர்த்தி தேத்தண்ணி குடிக்கப் போனதும் கணவனின் முன்னால் போய் நின்றாள்.

"உங்களுக்குக் கேக்கலதானே?"

உதட்டைப் பார்த்தே புரிந்துகொண்டார். கண் கலங்கிவிட்டது. "யாருகிட்டயும் சொல்லிறாத, டோரீன்."

அவள் அவர் இடது கையைப் பிடித்து, உள்ளங்கையில் விரலால் தட்டிக் காட்டினாள். டொக், டொக், டொக். எஞ்சின் போட்ட சத்தம் அப்படியே.

இராயப்பன் நிமிர்ந்தார். வலது கையில் ஸ்க்ரூ டிரைவரை எடுத்து, தட்டும் இடத்தைக் கண்டுபிடிக்க, ஓடும் எஞ்சினில் ஒவ்வொரு பிளக்கிலும் நெருப்பு வராமல் நிறுத்திப் பார்த்தார். முதலாவது, இரண்டாவது, அவள் விரல் தட்டுவது மாறவில்லை. மூன்றாவதை நிறுத்தியதும் அவள் தட்டுவது மெத்தென்று ஆனது.

"மூணாவது பேரிங் லூசு," என்றார்.

எஞ்சினை நிறுத்திக் கழற்றினார். பேரிங் மூடிக்கு அடியில் மெல்லிய தகடு ஒன்று கூடுதலாக இருந்து பிடியைத் தளர்த்தியிருந்தது. அதை எடுத்துவிட்டு, பூட்டித் திரும்ப ஓட்டினார். மறுபடி அவர் உள்ளங்கையில் வைத்த டோரீனின் விரல்கள் இப்போது தட்டவில்லை, அசையாமல் கிடந்தன. எடுக்க இருவருக்கும் மனம் வரவில்லை.

திரும்பி வந்த கணேசமூர்த்தியிடம் இராயப்பனே தன் காது விஷயத்தைச் சொன்னார்.

"அதுக்கென்ன, வேலைய ஒழுங்கா செஞ்சிட்டீங்கதானே," என்றார் அவர். எஞ்சினைத் திரும்பப் பூட்டியதும் அந்தக் காரிலேயே இருவரையும் நுவரெலியாவிலுள்ள காது டாக்டரிடம் கூட்டிப்போனார்.

காதில் மிஷின் மாட்டிய அன்று டோரீன், "இப்ப கேக்குதாங்க?" என்றாள்.

"ஏன் இப்பிடி கத்துற?"

"ரொம்ப நாளா இப்பிடித்தாங்க பேசுறேன்," என்றாள் அவள், சிரிப்பும் அழுகையுமாக.