எண்ணிக்கைக்குள் வராதவர்கள்

அக்கா தினமும் பகல் பன்னிரண்டு மணிக்கு எனக்கு போன் செய்வாள். சாப்பிட்டாயா, அங்கே மழை உண்டா என்கிற பேச்செல்லாம் கிடையாது. எடுத்ததும், "இன்னிக்கு எத்தனை பேர்டி வந்தா?" என்பாள். மும்பை மாட்டுங்காவில் இருக்கும் அவள் வீட்டுக்கு வந்தவர்களைப் பற்றிய கேள்வி இல்லை அது. அவள் தைக்கும் பரதநாட்டிய உடைகளுக்காக நான் செய்து கொடுத்திருந்த இணையதளத்துக்கு வந்தவர்களைப் பற்றியது. செம்பூரில் வீட்டில் உட்கார்ந்தபடி நான் செய்கிற வேலையே அதுதான். சின்னக் கடைகளின் தளங்களுக்கு எத்தனை பேர் வருகிறார்கள், எதைப் பார்க்கிறார்கள், எந்த இடத்தில் அலுத்துப்போய் வெளியேறுகிறார்கள் என்று எண்ணிச் சொல்ல வேண்டும். ஊராருக்கெல்லாம் அதிகாரமாக எண்ணிச் சொல்கிறவள், அக்காவுக்கு மட்டும் "ரெண்டு", "இன்னிக்கு ஒண்ணுதான்" என்று முனகிக்கொண்டிருந்தேன்.

அந்த வருஷம் அந்தக் கேள்விக்குக் கனம் கூடியிருந்தது. அக்கா குடியிருந்த பழைய கட்டடத்தை இடித்துக் கட்டப் போகிறார்கள், எல்லாரும் காலி செய்ய வேண்டும். சான்பாடாவில் பார்த்து வைத்திருந்த வீடு சின்னது. அங்கே மூன்று தையல் மெஷின்களுக்கு இடம் ஒதுக்குவதா, விற்றுவிடுவதா என்பதுதான் வீட்டில் ஓடிக்கொண்டிருந்த பேச்சு. விற்றுவிடலாம் என்றார் அத்திம்பேர். அக்காவுக்கு முதுகுவலி, கண்ணும் முன்போல இல்லை. அவர் சொன்னதில் தப்பு சொல்ல முடியாது. ஆனாலும் எனக்கு அவர்மேல் கோபம் வந்தது. முப்பது வருஷமாக அவள் தைக்கிற சத்தத்தைப் பக்கத்து அறையில் பேப்பர் படித்தபடி கேட்டுக்கொண்டிருந்தவர், நன்றாயிருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லி நான் கேட்டதில்லை. குமாஸ்தாவாக இருந்து ரிடையரானவர். தப்பைச் சிவப்பில் சுழிப்பார், சரியாக இருப்பதைத் தொடாமல் விட்டுவிடுவார்.

கடைசியில் அக்காவே ஒரு கெடு வைத்தாள். தளத்துக்கு ஜனங்கள் வந்தால் மெஷின்களும் சான்பாடாவுக்கு வரும். வராவிட்டால் தசராவுக்கு மறுநாள் விற்றுவிடுவாள்.

எனக்கு அப்போது ஒரு நம்பிக்கை இருந்தது. எண்ணிக்கையில் வராத ஆட்கள் நிறைய இருக்கிறார்கள் என்று நினைத்தேன். வழக்கமாக, ஒரு தளத்துக்கு வருகிறவர்களை எண்ணும் வேலையை வெளிக் கம்பெனியின் முகவரி ஒன்று செய்யும். விளம்பரம் தடுக்கிற ஆப் வைத்திருப்பவர்களின் போன் அந்த முகவரியைப் பார்த்ததுமே கதவைச் சாத்திவிடும். அவர்கள் வந்து நிதானமாகப் பார்த்துவிட்டுப் போனாலும் கணக்கில் இருக்க மாட்டார்கள். இதற்கு ஒரு வழி உண்டு. நம் தளத்தின் பெயரோடு சேர்ந்த ஒரு துணைப்பெயரை உண்டாக்கி, எண்ணுகிற சர்வரை அந்தப் பெயருக்குப் பின்னால் உட்கார்த்தி வைத்தால், போனுக்கு அது வீட்டு ஆளாகத் தெரியும், தடுக்காது. அக்காவிடம் இதைச் சொன்னபோது அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான், அந்தத் துணைப்பெயருக்கு என்ன பெயர் வைக்கப் போகிறாய் என்று. மற்றவர்கள் டேட்டா, மெட்ரிக்ஸ் என்று ஏதாவது வைப்பார்கள். அவள் யோசித்து 'வாசல்' என்று வைக்கச் சொன்னாள்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை மாட்டுங்காவுக்குப் போனேன். தளத்தின் பெயரைப் பதிவு செய்த கணக்கு அத்திம்பேரின் போன் நம்பரில் இருந்தது, உள்ளே நுழைய ஓடிபி அவருக்குத்தான் போகும். அவரோ காய்கறி வாங்கப் போயிருந்தார். போன் செய்தால், நம்பரை இரண்டு இரண்டாக நிறுத்தி, ஆபீஸில் கடிதம் வாசிக்கிற மாதிரி வாசித்தார். அவர் முடிப்பதற்குள் அது காலாவதியாகிவிட்டது. மறுபடி வரவழைத்தோம். மணி பத்து இருபத்தைந்து. பத்தரைக்கு ராகுகாலம்.

"ஜல்தி பண்ணுடி. வாசலை ராகுகாலத்துல தொறக்கப்படாது" என்றாள் அக்கா, என் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டு.

நம்பிக்கை இல்லாதவள்தான் நான். ஆனால் அக்காவின் மூச்சு காதில் படும்போது ராகுகாலம் எனக்கும் உண்டு. படபடவென்று அடித்து, பத்து இருபத்தொன்பதுக்கு சேமித்தேன். புதுப் பெயர் உலகமெங்கும் தெரிய இரண்டு நாள் வரை ஆகலாம், பொறுமை வேண்டும் என்று ஒரு பிரசங்கமும் செய்துவிட்டு வந்தேன்.

அந்த இரண்டு நாளை நினைத்தால் இப்போதும் சுகமாக இருக்கிறது. ஜன்னலுக்கு வெளியே மழை விட்டு விட்டுப் பெய்தது. நான் வேறு வேலை எதையும் தொடவில்லை. அக்கா வைத்த பெயர் ஊர் ஊராகப் போய்ச் சேர்வதை நினைத்துக்கொண்டு சும்மா படுத்திருந்தேன். சுனாபட்டி, சயான் என்று பக்கத்தில் ஆரம்பித்து, கடலுக்கடியில் கிடக்கிற கம்பிகளுக்குள் புகுந்து, பேர் தெரியாத ஊரில் ஏதோ ஒரு மெஷின், ஓ, மாட்டுங்காவில் இப்படி ஒரு வாசல் இருக்கிறதா என்று எழுதி வைத்துக்கொள்வதாக ஒரு கற்பனை. அரைத் தூக்கத்தில் எங்கள் தளத்துக்குள் சின்னப் பெண்கள் சலங்கையைக் கையில் பிடித்துக்கொண்டு, சத்தம் வராமல் வரிசையாக வந்துகொண்டிருந்தார்கள்.

திங்கட்கிழமையும் ஒருவரும் வரவில்லை. மாட்டுங்கா போகிற பஸ் சயான் சிக்னலில் நின்றபோது போனில் அந்தப் பதிவை மறுபடி பார்த்தேன். துணைப்பெயரை மட்டும் எழுத வேண்டிய கட்டத்தில், அவசரத்தில், தளத்தின் முழுப் பெயரையும் சேர்த்து அடித்திருந்தேன். அங்கே எதை அடித்தாலும் அதன் பின்னால் தளத்தின் பெயர் தானாக ஒட்டிக்கொள்ளும். ஆக, பெயர் இரண்டு தடவை வந்து, உலகத்தில் யாரும் தேடாத ஒரு முகவரிக்கு நான் வாசல் வைத்திருந்தேன். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் செய்கிற தப்பு. இரண்டு நாள் கனவு கண்டதற்கு வெட்கமாக இருந்தது.

மாட்டுங்கா போய்ச் சேர்ந்தபோது அத்திம்பேர் குளித்துக்கொண்டிருந்தார். போனைத் திறக்கும் எண்ணை உள்ளேயிருந்தே சொன்னார். ஓடிபி பார்க்கத் திறந்தால், திரையில் அக்காவின் தளம். மெஷின் முன்னால் அவள் உட்கார்ந்திருக்கும் படம் இருக்கிற பக்கம். எத்தனை பேர் வரவில்லை என்று வேவு பார்க்கிறார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, ஓடிபியை மட்டும் எடுத்துக்கொண்டு போனைக் கவிழ்த்து வைத்தேன். பெயரைத் திருத்திய இருபதாவது நிமிஷத்தில் எண்ணிக்கை ஓட ஆரம்பித்தது.

மறுநாள் ஐந்து பேர். அதற்கு மறுநாள் நான்கு. எது எப்படிப் போனாலும் மூன்றுக்குக் கீழே இறங்கவே இல்லை. "பாத்தியா, மூணு பேர் நாள் தவறாம வரா. யாரோ டான்ஸ் டீச்சரா இருக்கும்" என்று அக்கா தீர்மானித்துவிட்டாள். சான்பாடா வீட்டில் மெஷினுக்கு பிளக் பாயிண்ட் எங்கே வேண்டும் என்று எலக்ட்ரீஷியனிடம் பேசினாள். தாராவிக்குப் போய் சலங்கைக்குத் தோல் பட்டை புதிதாகச் சொல்லிவிட்டு வந்தாள். குரல் இருபது வயசு குறைந்திருந்தது. எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

தசராவுக்கு நாலு நாள் இருந்தபோது, யார் அந்த மூன்று பேர் என்று உட்கார்ந்து பார்த்தேன். பெயர் தெரியாது, ஊர், போன் ரகம், நேரம், பார்த்த பக்கம் இவ்வளவுதான் தெரியும். அவ்வளவே போதுமாக இருந்தது. மூன்று பேரும் மும்பை. ஒருவர் தினமும் பன்னிரண்டுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது வருகிறார். அது நான். அக்கா கேட்பதற்கு முன்னால் தளம் ஒழுங்காகத் திறக்கிறதா என்று பார்ப்பேன். இன்னொருவர் மத்தியானம் இரண்டரைக்கு வந்து தான் தைத்ததையே பார்க்கிறார். அது அக்கா. இத்தனை நாள் நாங்கள் எண்ணிக்கையில் வராததற்குக் காரணமும் நான்தான். ஒரு புடவை விளம்பரம் அக்காவை விடாமல் துரத்துகிறது என்று, வீட்டில் எல்லார் போனிலும் தடுக்கிற ஆப்பைப் போட்டுக் கொடுத்தவள் நானே. மறைந்திருந்த ஜனங்கள் என்று நான் கனவு கண்டது எங்களைத்தான்.

மூன்றாவது ஆள் காலை ஆறு நாற்பதுக்கு வருகிறார். பழைய மாடல் போன். முதலில் மெஷின் முன்னால் அக்கா இருக்கும் படம், பிறகு ஒவ்வொரு உடையாக, கடைசிப் பக்கம் வரை. ஆறு நாற்பதுக்கு ஃபைவ் கார்டன் பூங்கா பெஞ்சில் நடையை முடித்துவிட்டு உட்காருகிறவர் யார் என்று எனக்குத் தெரியும். குளியலறைக்கு வெளியே நான் கவிழ்த்து வைத்த போன் ஞாபகம் வந்தது. இன்னொருத்தர் கடிதத்தைப் பிரித்துவிட்ட மாதிரி கை கூசியது. அவரை வேவுக்காரர் என்று நினைத்ததற்கு அழுகை வந்தது.

சொல்லாமல் விட்டுவிடலாம் என்று ஒரு பகல் முழுக்க நினைத்தேன். மெஷின்கள் சான்பாடா போய்விடும், அக்கா சந்தோஷமாக இருப்பாள். ஆனால் பொய்க் கணக்கு சொன்னால் என் வேலைக்கு என்ன அர்த்தம்? மறுநாள் மாட்டுங்கா போய், அவர் வெளியே போயிருந்த நேரத்தில் சொன்னேன்.

அக்கா ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். "அப்போ வந்துண்டிருந்ததெல்லாம் நாமதானா?" என்றாள்.

மூன்றாவது ஆள் யார் என்றும் சொன்னேன். அவள் நூலை விட்டுவிட்டாள்.

"எதைப் பாக்கறார்?"

"எல்லாத்தையும். நேத்து போட்ட மயில்கழுத்துக் கலரை மட்டும் பதினோரு நிமிஷம்."

மடியில் விழுந்த நூலை எடுத்து விரலில் சுற்றினாள். பிறகு, "அதுல ஒரு விசிறி மடிப்பு கோணலா விழுந்துடுத்து. அதைக் கண்டுபிடிச்சிருப்பார்" என்றாள். சிரித்தாள். கண் நிறைந்திருந்தது. அவரிடம் ஒன்றும் கேட்கக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

தசராவுக்கு மறுநாள், சொன்னபடி மெஷின்களை வாங்க ஆள் வந்தது. இரண்டைத் தூக்கினார்கள். மூன்றாவதில் கை வைத்தபோது அத்திம்பேர் பேப்பரிலிருந்து தலை தூக்காமல், "அது சான்பாடாவுக்குப் போறது. ஹால்ல ஜன்னலாண்ட வரும்" என்றார். அக்கா என்னைப் பார்க்கவே இல்லை.

வீட்டு ஆட்களின் வருகையை எண்ணிக்கையிலிருந்து நீக்கிவிட வேண்டும், அதுதான் எங்கள் தொழிலில் முறை. என்னுடையதையும் அக்காவுடையதையும் நீக்கினேன். மூன்றாவதை நீக்கக் கை வரவில்லை. இப்போது சில நாள் நாலைந்து பேர் வருகிறார்கள், பல நாள் அவரைத் தவிர யாரும் இல்லை. அக்கா சான்பாடாவிலிருந்து பன்னிரண்டு மணிக்குக் கூப்பிடுகிறாள்.

"இன்னிக்கு எத்தனை பேர்டி?"

"ஒருத்தர்."

"வந்துட்டாரா" என்கிறாள். போனை வைப்பதற்குள் மெஷின் ஓடுகிற சத்தம் கேட்கிறது.