வளைவு இருந்த இடம்

நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். நான் சிங்கப்பூரில், புக்கிட் பாத்தோக்கில்தான் இருக்கிறேன். அந்தக் கால்வாய் எங்கள் அடுக்குமாடி புளோக்கிற்குப் பின்னால் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

என் மகள் ரக்ஷனா போன டிசம்பரில் நிமோனியாவில் இறந்தாள். ஏழு வயது. அதன் பிறகு நானும் என் மனைவி வசந்தகுமாரியும் பேசிக்கொள்வதே குறைந்துபோனது. வேலை முடிந்தால் நேராக வீட்டுக்குப் போக மாட்டேன். கால்வாயோரமாக நடப்பேன்.

ஒருநாள் சாயங்காலம் தூறல். பாதையில் ஆள் இல்லை. கால்வாயில் கணுக்கால் அளவுதான் தண்ணீர்.

"அப்பா..."

கீழேயிருந்து வந்தது. நின்றேன்.

"அப்பா, இங்க தண்ணியே இல்ல. வாங்க..."

ரக்ஷனாவின் குரல். பெற்றவனுக்குத் தெரியாதா? தடுப்புக் கம்பியைத் தாண்டி, சுவரில் பதித்திருந்த இரும்புப் படிகளில் இறங்கினேன்.

பாதியில்தான் அவரைப் பார்த்தேன். கால்வாய்க்கு நடுவில் ஒருவர். கைலி, வெற்றுடம்பு. மழையில் நிற்கிறார்... தலைமுடி நனையவில்லை. தண்ணீர் அவர் காலில் மோதாமல் நேராக ஓடியது.

"ஏறுங்க தம்பி," என்றார். "அது உங்க பிள்ள இல்ல."

"அப்பா..."

"ஏறுங்க."

அவர் அழுதுகொண்டிருந்தார்.

ஏறினேன்.

பின்னால் இரைச்சல்... சற்று முன் நான் நின்ற இரும்புப் படி வெள்ளத்தில் மூழ்கியது.

திரும்பினேன்.

யாரும் இல்லை.

மறுநாள் பக்கத்து வீட்டு சம்சுன்னிசா அக்காவிடம் சொன்னேன். இந்த இடம் கம்பமாக, அதாவது கிராமமாக, இருந்தபோது இங்கேயே வளர்ந்தவர்.

"நடுவுலயா நின்னாரு?" என்றார். "அப்ப இது ஓடை லா. அந்த இடத்துல வளைஞ்சு போகும். அவர் நின்னது பழைய கரை. அப்புறம்தான் நேரா வெட்டி சிமெண்டு போட்டாங்க."

கால்வாய்ப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுத் தொடர்ந்தார்.

"கரையில இராமசாமினு ஒருத்தர் கீரை போட்டிருந்தாரு. மக வெள்ளத்துல போயிட்டா. அடுத்த மழையில, மக கூப்பிடுறானு சொல்லி அவரும் இறங்கிட்டாரு. உடம்பு கிடைக்கவே இல்ல."

வசந்தகுமாரியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பயப்படுவாள் என்று நினைத்தேன். அவள் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"பேசும்போது மூச்சு வாங்குச்சா அவளுக்கு?"

"இல்ல."

வெளியே மழை பிடித்திருந்தது. அவள் எழுந்து செருப்பைத் தேடினாள்.

இப்போதெல்லாம் மழைக்கு வானம் இருட்டினால் எங்கள் வீட்டு இரும்புக் கதவை வெளியிலிருந்து சம்சுன்னிசா அக்காதான் பூட்டுகிறார். எங்கள் இருவரையும் உள்ளே வைத்து.