முன்வரிசையில் மூன்று பேர்

போன வாரம் கண்டியில் முடி வெட்டிக்கொள்ளப் போயிருந்தேன். வழக்கமாக வெட்டுகிறவர் ஊருக்குப் போயிருந்தார். அவர் இடத்தில் புதிதாக ஒருவர் நின்றார். கத்தரிக்கோல் இடது காதுக்குக் கிட்டே வந்ததும் நின்றுவிட்டது.

"ஐயா, இது பொறக்கும்போதே இப்படியா?"

அவர் கேட்டதில் தப்பில்லை. என் இடது காதைக் காது என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான். பிசைந்து மூடிய கொழுக்கட்டை மாதிரி இருக்கும். கல்யாணப் படம் எடுத்தபோது போட்டோக்காரர் என்னைத் திருப்பித் திருப்பி நிறுத்திப் பார்த்துக் கடைசியில் மாலையை மேலே இழுத்துவிட்டார். "ரகர் விளையாடினது தம்பி, ரக்பி" என்று முடி வெட்டுகிறவரிடம் சொன்னேன். அவர் கண்ணாடியில் என்னை மேலிருந்து கீழாக ஒரு முறை பார்த்தார். ஐந்தடிக்குச் சற்றே மேல், முன்னால் ஒரு தொப்பை, மூக்குக்கண்ணாடி. மறுபடி வெட்டத் தொடங்கினார்.

வேலை முடிந்து பிடரியில் ஏதோ தைலம் தடவினார். அதில்தான் வந்தது வினை. எங்கள் ஆட்டக்காலத்தில் உடைமாற்றும் கொட்டகை முழுக்க அந்த வாசனைதான். தைலம், ஈரச் சப்பாத்து, யாரோ பற்றவைத்த பீடி, மகாவலிச் சேறு, எல்லாம் கலந்த ஒரு நெடி. வீட்டுக்கு வந்து குளித்த பிறகும் அது மூக்கை விட்டுப் போகவில்லை.

எங்கள் கழகம் பெயர் சொல்லிப் பெருமைப்படும்படியான கழகம் அல்ல. பெரிய கழகத்தார் புல்வெளியில் ஆடினார்கள். நாங்கள் ஆற்றோரத்தில், மழை பெய்தால் எருமைகள் ஆசைப்படுகிற ஒரு மைதானத்தில் ஆடினோம். எழுதுவினைஞர், பஸ் நடத்துனர், கடைப்பிள்ளை, வாத்தியார் என்று மாலையில் வேலை விட்டு வருகிறவர்கள். ஜெர்சியைக் கழற்றினால் யாருக்காவது முதுகில் அட்டை ஒட்டியிருக்கும். இன்னொருவன் உப்பு வைத்து எடுத்துவிடுவான். இடைவேளைக்குத் தேசிக்காய்ப் பிளவு, ஆட்டம் முடிந்தால் பிளேன்டீயும் மீன் வைத்த மாலு பாணும். பல்லுப் போனவன் பாணைத் தேநீரில் நனைத்துத் தின்பான்.

நாவலப்பிட்டியில் கடைத்தெருவில் வளர்ந்த எனக்கு ரக்பி என்றால் என்னவென்றே தெரியாது. கண்டியில் அரசாங்க வேலை கிடைத்துக் கட்டுக்கலையில் அறை எடுத்திருந்த காலம். ஒருநாள் மைதானத்தோரம் நடந்து போன என்னை, அங்கே ஆடிக்கொண்டிருந்த சுனில் கூப்பிட்டான். அன்றைக்கு வரவேண்டிய ஹூக்கருக்குக் காய்ச்சல். இரண்டு அணியிலும் எட்டெட்டுப் பேர் குனிந்து தோள் முட்டித் தள்ளுவதுதான் ஸ்க்ரம்; ஹூக்கர் என்பவன் அதில் முன்வரிசை நடுவில் நிற்பவன். இரு பக்கமும் இரண்டு தடியர்கள் அவனை அணைத்துத் தூக்கிப் பிடிக்க, அவன் காலால் பந்தைப் பின்னுக்கு இழுக்க வேண்டும். "குட்டைக் கால்தான் வேண்டும், உன் கால் அளவெடுத்த மாதிரி இருக்கிறது" என்றான் சுனில். அப்படித்தான் என் விளையாட்டு வாழ்க்கை தொடங்கியது. திறமையைப் பார்த்து அல்ல.

இடப்பக்கம் சுனில், வலப்பக்கம் நவ்பர். சுனிலுக்குப் பிலிமத்தலாவையில் பித்தளைக் கடை. குத்துவிளக்கைத் தூக்கித் தூக்கியே வந்த தோள் என்பான். நவ்பர் கண்டித் தெருவில் தன் வாப்பாவின் துணிக்கடையில் நின்றான். வாரத்தில் மூன்று மாலை இவர்கள் இருவரின் கழுத்தையும் கட்டிக்கொண்டு தொங்கியிருக்கிறேன். யாருக்கு எந்தப் பல் சொத்தை, மத்தியானம் யார் கருவாடு சாப்பிட்டது என்பதெல்லாம் எனக்குத் தெரியும். ஸ்க்ரம் சரிந்தால் எட்டுப் பேரின் பாரம் முதலில் வந்து விழுவது நடுவில் இருப்பவன் கழுத்தில்தான். ஒவ்வொரு முறையும் சுனில் தன் முழங்கையை முதலில் மண்ணில் ஊன்றுவான். அவன் முழங்கைக்குத் தோலே கிடையாது.

எங்களிடம் ஒரு தந்திரம் இருந்தது. எதிரணிக்குப் புரியாதிருக்கச் சைகைச் சொற்களைத் தமிழில் வைத்திருந்தோம். "பொறு", "இப்ப", "தள்ளு". சுனில் 'ள்'ளைப் படாதபாடு படுத்துவான். ஊரடங்குச் சட்டமும் தெருவோர டயர் நெருப்புமாக இருந்த அந்த ஆண்டுகளில், ஒரு சிங்களவனும் ஒரு முஸ்லிமும் ஒரு தமிழனும் சேற்றில் கட்டிப்பிடித்துத் தமிழில் கத்தியதை நினைத்தால் இப்போது எனக்கே நம்பச் சிரமமாக இருக்கிறது. அப்போது அதைப் பற்றி யோசித்ததேயில்லை. பந்து எங்கே என்பதுதான் கவலை.

யுத்தம் நீளநீள வெள்ளைக்காரர்கள் வருவது குறைந்தது. பித்தளை விளக்கு வாங்க ஆளில்லை. சுனில் பட்டாளத்தில் சேர்ந்தான். விடுமுறையில் வந்தால் வீட்டுக்குப் போகுமுன் மைதானத்துக்கு வருவான். வடக்கைப் பற்றி நாங்கள் கேட்பதில்லை, அவனும் சொல்வதில்லை. ஒரே ஒரு தடவை சப்பாத்து நாடாவைக் கட்டிக்கொண்டே சிங்களத்தில் சொன்னான்.

"மச்சான், அங்க நான் பேசுற தமிழ் ரெண்டே சொல்லுதான். பொறு, தள்ளு. சனங்களப் பார்த்து அதத்தான் கத்துறேன்."

பகிடி என்று நினைத்து நவ்பர் சிரிக்கத் தொடங்கிப் பாதியில் நிறுத்திக்கொண்டான்.

அடுத்த மழைக்காலத்தில் வடக்கில் ஒரு முகாம் விழுந்தது. சுனில் இறந்தவர் பட்டியலிலும் இல்லை, திரும்பியவர் பட்டியலிலும் இல்லை. காணாமல் போனவன் என்றார்கள்.

ஒருநாள் பயிற்சி நடந்துகொண்டிருந்தபோது அவன் அம்மா குடையோடு மைதானத்துக்கு வந்தார். அதுவரை வந்ததேயில்லை, மகன் அடிபடுவதைப் பார்க்கப் பயம். வாங்குப் பலகையில் உட்கார்ந்து ஆட்டம் முடியும்வரை காத்திருந்தார். சேற்றோடு போய் முன்னால் நின்றேன். என் கையைப் பிடித்துக்கொண்டு, மகன் என்று அழைத்துச் சிங்களத்தில் சொன்னார்.

"புதா, அங்க இருக்கிறது உங்க ஆளுங்கதானே. யார்கிட்டயாவது கேட்டுப் பாரு. உயிரோட இருக்கானா இல்லையான்னு மட்டும்."

என் ஆட்கள் மலைநாட்டில், நாவலப்பிட்டியிலும் பன்விலைத் தேயிலைத் தோட்டத்திலும் இருந்தார்கள். யாழ்ப்பாணத்தை நான் படத்தில்தான் பார்த்திருந்தேன். அதையெல்லாம் அந்த அம்மாவிடம் விளக்கவில்லை. "சரி அம்மே" என்றேன்.

எழுபத்தேழு கலவரத்தில் பன்விலையை விட்டு வவுனியாப் பக்கம் குடியேறிய என் சித்தி ஒருத்தி இருந்தாள். அவள் மூலம் இயக்கத்தின் கையில் இருந்த பக்கம் போய்வருகிற யாரையாவது பிடிக்கலாம். நவ்பரிடம் சொன்னேன். "நீ தனியப் போனா ஒன்னப் புடிச்சி உள்ள போட்டுருவானுகள். நானும் வாரேன்" என்று கடையை வாப்பாவிடம் ஒப்படைத்துவிட்டுக் கிளம்பினான்.

சீருடைப் படம் கொண்டுபோவது ஆபத்து என்று சுனிலின் அம்மா எங்கள் அணிப் படத்தைத் தந்திருந்தார். வவுனியாவுக்கு முன்னால் ஒரு சோதனைச் சாவடியில் அந்தப் படமே வினையாயிற்று. பையைக் குடைந்த சிப்பாய், இதில் யாரைத் தேடிப் போகிறாய் என்றான். உண்மையைச் சொன்னேன். தமிழன் ஒருவன் இராணுவத்தானைத் தேடுகிறேன் என்றால் யார் நம்புவார்கள்? மரத்தடியில் எங்களை உட்கார வைத்தார்கள். வந்த பஸ் எங்களை விட்டுப் போய்விட்டது. நவ்பர் வாயில் ஏதோ ஓதிக்கொண்டிருந்தான்.

வெயில் சாய்கிற நேரத்தில் அதிகாரி ஒருவர் வந்தார். எங்கள் வயதுதான் இருக்கும். படத்தை வெகுநேரம் பார்த்தார். எந்த இடத்தில் ஆடுகிறாய் என்றார். ஹூக்கர் என்றேன். என்னைப் பார்த்ததும் அவருக்கும் சந்தேகம் வந்தது போலிருந்தது. "நின்று காட்டு" என்றார்.

நாங்கள் எழுந்தோம். நவ்பர் என் இடுப்பைச் சுற்றிப் பிடித்தான். நான் வலது கையை அவன் தோளில் போட்டேன். பழக்கத்தில் இடது கையும் தானாக உயர்ந்துவிட்டது. பிடிக்க அங்கே ஒன்றும் இல்லை. குனிந்தபோது அந்தப் பக்கமாகச் சரிந்து விழப்பார்த்தேன்.

"அந்தப் பக்கம் யார்?" என்றார் அதிகாரி.

"நாங்க தேடிப் போறவர்தான் சேர்."

படத்தைத் திருப்பித் தந்து, வந்துகொண்டிருந்த ஒரு லொறியை மறித்து எங்களை ஏற்றிவிடச் சொன்னார்.

சித்தி வீட்டில் சோறு போட்டாள். சாப்பிட்டு முடிந்து படத்தை நீட்டினேன். யார் இந்தப் பிள்ளை என்றாள். சொன்னேன். விளக்கடியில் கொண்டுபோய்ப் பார்த்தாள். அவள் ஏதும் திட்டுவாளோ என்று நவ்பர் என்னைப் பார்த்தான். சித்தியின் மகன் பாலு வீட்டில் காணோமே என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"பாலு போயி ரெண்டு வருசமாச்சுப்பா. அந்தப் பக்கம் சேர்ந்துட்டான்னு சொல்றாங்க. எங்க இருக்கான்னு தெரியல" என்றாள். பிறகு படத்தை முந்தானையில் துடைத்து, "மண்ணெண்ணெய் ஏவாரத்துக்குப் போற ஆளு ஒருத்தர் இருக்காரு. ரெண்டு பேரையும் சேர்த்தே கேட்டுட்டு வரச் சொல்றேன்" என்றாள்.

கேட்டார்கள். பலமுறை கேட்டார்கள். இருவரைப் பற்றியும் ஒரு சேதியும் வரவில்லை.

அதைச் சொல்லப் பிலிமத்தலாவைக்குப் போனேன். சித்தி தன் மகனைப் பற்றிச் சொன்னதையும் சொன்னேன். சுனிலின் அம்மா, அந்தப் பிள்ளைக்கு என்ன பெயர் என்று கேட்டார். பாலு என்றேன். இரண்டு தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டார். அன்றிலிருந்து மாதம் ஒரு ஞாயிறு அவர் வீட்டில் எனக்கும் நவ்பருக்கும் சாப்பாடு. மகன் இறந்துவிட்டான் என்று பிக்குகளுக்குத் தானம் கொடுக்க அவர் நெடுங்காலம் சம்மதிக்கவில்லை. யுத்தம் முடிந்து, முகாம்களிலிருந்து வரவேண்டியவர்கள் எல்லாம் வந்து முடிந்த பிறகுதான் ஒப்புக்கொண்டார். பிக்கு இறந்தவர்களுக்குப் புண்ணியம் சேர்க்கும்போது சுனிலின் பெயரை வாசித்தார், அடுத்ததாகப் பாலுவின் பெயரையும் வாசித்தார். நாங்கள் யாரும் எதிர்பார்க்கவில்லை. சித்தி அப்போது உயிரோடு இருந்தாள், தொலைபேசியில் சொன்னேன். "நல்லது" என்றாள்.

இப்போது ஆட்டம் வேறு மாதிரி. ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம், எடை பார்த்துச் சாப்பாடு, மின்விளக்கில் பயிற்சி. எங்கள் ஆற்றோர மைதானத்தில் கட்டடம் வந்துவிட்டது. நவ்பர் பிள்ளைகளோடு வெளிநாட்டில் இருக்கிறான். நோன்புப் பெருநாளுக்கு அழைப்பான், முதுகுவலியைப் பற்றிப் பேசிக்கொள்வோம். வீதி அகலித்தபோது பித்தளைக் கடையின் முன்பாதி போயிற்று. மீதியை யாரோ வாங்கிக் கைத்தொலைபேசி விற்கிறார்கள். அந்த அம்மாவும் போன வருடம் போய்ச் சேர்ந்தார்.

கொழும்பிலிருந்து வரும்போது பஸ் இன்னும் பிலிமத்தலாவையில் நிற்கிறது. நடத்துனர் பெயரைச் சொல்லிக் கூவுகிறார். நாலைந்து பேர் இறங்குகிறார்கள். நான் நேரே கண்டிக்குப் போய்விடுகிறேன்.